கோட்டுக்குள் ஒரு சிறகு

6

"அசையாதே கோர்பி. ஊசி உள்ளே போயிடும்."

"ரெண்டு ஏற்கெனவே போயாச்சு மேடம். இன்னும் நாலு போனா என்னைச் சல்லடைன்னு வித்துடலாம்."

டாக்டர் எக்பெர்ட் ஹாஃப்னரின் வரவேற்பறை நடுவில் கோர்பினியான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். போர்க்காலத்தில் ஜெட் விமானங்களுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தவன். அந்த வேலையில் வலது கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவன். இப்போது மூனிக் நகரில் துப்பறிவாளர் அஃப்ரா லெக்னரின் உதவியாளன். அவன் உடம்பின் மேல் அஃப்ரா துண்டு துண்டாக நீலத் துணியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

ஆல்ப்ஸ் மலைப்பக்கமிருந்து வெப்பக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்று வீசினால் ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி. அஃப்ராவுக்குக் காலை எட்டு மணிக்கே நெற்றி தெறித்தது. காற்று பாதிக் காரணம். மீதிப் பாதி, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவித் தடவி, விரலைச் சப்பிக்கொண்டிருந்த டாக்டர்.

விஷயம் இதுதான். 1944-இல், மலைக்குப் பின்னால் ஒரு பழைய படைமுகாமில் இருந்த ரகசிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஹாஃப்னர் தலைவர். அங்கே ஒரு ஜெட் விமானத்துக்கு வரைபடம் போட்டார்கள். பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கையின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் விமானம். ஏறவும் இறங்கவும் இறக்கை நன்றாக விரியும். வேகம் பிடிக்க வேண்டுமென்றால் பின்னால் மடங்கும். கட்டி முடிப்பதற்குள் போர் முடிந்தது. அமெரிக்கர்கள் வந்து காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பத்து வருடம் கழித்து, இப்போது கடல் தாண்டி அதே யோசனையில் விமானம் கட்டுகிறார்கள். அதற்கு நன்றியாக அவர்கள் அனுப்பிய வெள்ளிப் பொம்மை விமானம் ஒன்று டாக்டரின் மேஜைமேல் மின்னியது. வெள்ளிக்கிழமை பொறியாளர் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கிறது.

அந்த நேரத்தில்தான் தபாலில் இந்தத் துணிகள். வாரத்துக்கு ஒன்றாக நாலு வாரம், நாலு துண்டு. வரைபடம் நகல் எடுக்கும் கஞ்சித் துணி. அதன்மேல் கறுப்பு மையில் அந்த விமானத்தின் இறக்கை. கடிதம் இல்லை. கோரிக்கை இல்லை. மூர்னாவ் ஊரின் தபால் முத்திரை மட்டும்.

"என்னை மிரட்டறாங்க அம்மணி. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி எனக்கு ஆள் யாருன்னு தெரியணும்," என்றார் ஹாஃப்னர்.

"மிரட்டறவங்க ஏதாவது கேப்பாங்களே டாக்டர்? இவங்க ஒண்ணுமே கேக்கலையே."

"அதுதான் பயமா இருக்கு."

அஃப்ரா கடைசி ஊசியைக் குத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "இப்ப பாருங்க. இறக்கையைப் பார்க்காதீங்க. துணியோட ஓரத்தைப் பாருங்க. சுத்திலும் தையல் ஓட்டை. சும்மா கிழிச்ச துணி இல்ல, வெட்டித் தைச்ச துணி. ரெண்டு முன்பக்கம், ரெண்டு கை."

"கோட்டோட லைனிங்!" என்றான் கோர்பி. "ஆனா எனக்கு மூச்சு முட்டுது மேடம். ஒண்ணு, கோட்டுக்காரங்க ரொம்ப ஒல்லி. இல்லைன்னா நான் ரொம்ப அழகு."

"போர் முடிஞ்சப்ப இந்த மாதிரித் துணி கிடைச்சவங்க எல்லாரும் என்ன பண்ணாங்க? கொதிக்கவச்சுக் கஞ்சியை எடுத்துட்டுக் கைக்குட்டை தைச்சாங்க. இதை யாரும் கொதிக்க வைக்கல. படம் கெடக்கூடாதுன்னு அப்படியே கோட்டுக்குள்ள தைச்சு, உடம்போட வெளியே கொண்டு போயிருக்காங்க. அக்குள் கிட்ட மட்டும் வேர்வையில மை கலைஞ்சிருக்கு. பையைச் சோதிக்கிற காவல்காரன் லைனிங்கைச் சோதிக்க மாட்டான்."

ஹாஃப்னர் சப்புவதை நிறுத்தினார்.

"இன்னொண்ணு. வலது கை இடது கையைவிட நாலு விரற்கடை குட்டை. அளவும் ஒடுக்கம். போட்டவங்களுக்கு வலது கை சின்னது. உங்க கூடத்துல அப்படி யாராவது இருந்தாங்களா?"

"நகல் எடுக்க ஒரு டஜன் பொண்ணுங்க இருந்தாங்க. நான் என்ன, அவங்க கையையா பார்த்துட்டிருந்தேன்? கணக்குப் போட, கைதிகளை அடைச்சு வச்சிருந்த முகாம்லேருந்து சில பேரை அனுப்பினாங்க. அவங்களுக்கு அதிர்ஷ்டம். உள்ளே கணப்பு இருந்துச்சே." சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தார்.

அஃப்ரா ஊசிப் பெட்டியைப் பட்டென்று மூடினாள்.

"முதுகுத் துண்டு வரலையே. அதுல என்ன இருந்திருக்கும் டாக்டர்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

அஃப்ரா அதை மனதில் முடிந்துகொண்டு சுவரைப் பார்த்தாள். சட்டம் போட்ட புகைப்படம் ஒன்று தொங்கியது. 1945 மே மாதம், அமெரிக்கர்கள் வந்த பிறகு கூடத்தின் வாசலில் எல்லோரையும் நிறுத்தி எடுத்த படம். நல்ல வெயில். முன்வரிசையில் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்ட பொறியாளர்கள். பின்வரிசையில் ரவிக்கையும் பாவாடையுமாகப் பெண்கள். அந்த வரிசையின் ஓரத்தில் ஒருத்தி மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டில் நின்றாள். வலது கை நுனி உள்ளே போய்விட்டது போலச் சின்னதாக இருந்தது.

"பத்து வருஷமா திருட்டை ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கீங்க டாக்டர்," என்றான் கோர்பி. படத்தைக் கழற்றித் திருப்பினான். பின்னால் அமெரிக்கர்கள் தட்டச்சு செய்து ஒட்டிய பெயர்ப் பட்டியல். "பின்வரிசை, இடது ஓரம்... வால்புர்கா கைஸ்ட்!" என்று சத்தமாகப் படித்தான்.

அஃப்ரா கையைத் தூக்கி அவனை அடக்குவதற்குள் பெயர் அறை முழுக்கப் பரவிவிட்டது. ஹாஃப்னர் நிதானமாகப் பேனா மூடியைத் திருகினார்.

"ஸ்பெல்லிங் என்ன?" என்றார்.

*

மூர்னாவ் போகும் ரயிலில் கோர்பி மடியில் துணியை விரித்து வைத்துக்கொண்டான்.

"நல்ல யோசனை மேடம் இது. எங்க காலத்து ஜெட் எஞ்சின் இருபத்தஞ்சு மணி நேரம் ஓடினா செத்துடும். பைலட் பல தடவை அதுக்கு முன்னாடியே செத்துடுவான். இறங்கறப்பதான் சாவு. இறக்கை பின்னால சாய்ஞ்சிருந்தா மெதுவா இறங்க முடியாது. தரையில மோதிடும். இதை வரைஞ்சவன் முதல்ல யோசிச்சது வேகத்தைப் பத்தி இல்ல. உள்ள உக்காந்திருக்கறவன் உயிரோட இறங்கணும்னு யோசிச்சிருக்கான்."

"அப்ப ஹாஃப்னர் நல்லவர்னு சொல்றியா?"

"அந்த ஆளு ரொட்டியைக் கூட யாருக்கும் நீட்டல மேடம். அவரா பைலட்டைப் பத்தி யோசிச்சிருப்பாரு?"

அஃப்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் அதே சந்தேகம்தான். சந்தேகம் இருந்தும் அவரிடம் கூலி வாங்கிக்கொண்டுதான் ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கசந்தது.

மூர்னாவ் தபால் நிலையத்தில் ஒரே கவுண்டர். முன்னால் மூன்று பேர் நின்றார்கள். கோர்பி வரிசையில் நின்றபடியே பேச்சை ஒத்திகை பார்த்தான். "வணக்கம், நாலு வாரமா மூனிக்குக்குப் போன உறை, அனுப்பினவங்களை ஞாபகம் இருக்கான்னு கேக்கறேன். சிரிச்சுக் கேட்டா எந்தப் பொண்ணும் சொல்லிடும்."

அவன் முறை வந்தது. சிரித்தான். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். இடது கையால் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். வலது பக்கம் சட்டைக்கை குட்டையாகத் தைத்திருந்தது.

கோர்பியின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"மேடம்," என்றான் திரும்பாமலே, "அனுப்பினவங்களும் முத்திரை குத்தினவங்களும் ஒரே ஆள்தான்."

அந்தப் பெண் அவனைத் தாண்டி அஃப்ராவைப் பார்த்தாள். "பன்னெண்டு மணிக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். எதிர்ல இருக்கற விடுதியில உக்காருங்க. யாராவது வருவாங்கன்னு எதிர்பார்த்துட்டுதான் இருந்தேன்."

*

விடுதியில் ஈரல் உருண்டை போட்ட சூப் வந்தது. கோர்பி பாதிக் கிண்ணம்வரை சாப்பிட்டான். அதற்குப் பிறகு கரண்டியைத் தொடவில்லை.

"இறக்கையை வரைஞ்சது மிலோஷ் ஹவெல்கா," என்றாள் வால்புர்கா. "செக் நாட்டுக்காரர். ப்ர்னோங்கற ஊர்ல பொறியாளரா இருந்தவர். முகாம்லேருந்து தினம் ஆறு பேரைக் கூட்டிட்டு வருவாங்க. அவருக்கு என் பின்னால இருந்த மேஜை. பேசக்கூடாது. ஆனா அவர் பென்சில்ல போடற கோட்டையெல்லாம் நான்தானே மையில நகல் எடுக்கணும்? ஒரு மனுஷன் எப்படி யோசிக்கறான்னு கோட்டுலயே தெரியும். எங்க கோணம் வச்சான், எங்க அழிச்சான், எங்க தயங்கினான். மூணு மாசம் அவர் மூளைக்குள்ளேயே உக்காந்திருந்தேன்."

"ஹாஃப்னர் அதைப் பார்த்தாரா?"

"ஜனவரியில, துணியில எடுத்த முழு நகலையும் அவர் மேஜைமேல கொண்டு போய் வச்சேன். படத்துக்குக் குறுக்கே காப்பியிங் பென்சில்ல பெரிசா எழுதித் தூக்கிப் போட்டாரு." அவள் மனப்பாடமாகச் சொன்னாள். "'விமானம் பறவை அல்ல. இந்தக் கைதிக்கு நேரம் மிச்சமிருக்கிறது. சுரங்கத்துக்கு அனுப்பவும்.' கீழே எ.ஹா."

கோர்பி கரண்டியைக் கீழே வைத்தான்.

"அனுப்பினாங்க. மலையைக் குடைஞ்சு தொழிற்சாலை கட்டற வேலை. மூணு வாரம்தான். பிப்ரவரியில செத்துப் போயிட்டாரு. மே மாசம் அமெரிக்கங்க வந்து அலமாரியைக் கேட்டப்ப, ஹாஃப்னர் பென்சில் படங்களையெல்லாம் தன் பேருல எடுத்து நீட்டினாரு. நகல் துணி மட்டும் என்கிட்ட இருந்துச்சு. எழுத்து இருந்த பாகம் முதுகுக்கு வர்ற மாதிரி வெட்டி, படம் உள்பக்கம் இருக்கத் தைச்சுப் போட்டுக்கிட்டேன். ரெண்டு வாரம் அந்தக் கோட்டைக் கழட்டல."

"இப்ப ஏன் ஒவ்வொண்ணா அனுப்பறீங்க?" என்றாள் அஃப்ரா. "முதுகுத் துண்டை மட்டும் கடைசிக்குன்னு வச்சிருக்கீங்களா?"

வால்புர்கா விசித்திரமாகப் பார்த்தாள். "அதைத்தானே முதல்ல அனுப்பினேன்! பதக்கம்னு பேப்பர்ல பார்த்தவுடனே பொறியாளர் சங்கத்தோட தலைவருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பினேன். பேர் போடல. பதிலை மூர்னாவ் தபால் நிலையத்துக்கு ஒரு எண் போட்டு அனுப்பச் சொன்னேன்."

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். நல்ல தடித்த தாள். அஃப்ரா படித்தாள். 'தாங்கள் அனுப்பிய சுவாரசியமான ஆவணத்துக்கு நன்றி. இன்றைய சூழலில் இது போன்ற விவரங்களைக் கிளறுவது நம் தொழிலின் நற்பெயருக்கு உதவாது என்று கருதுகிறோம். பாதுகாப்புக் கருதி ஆவணத்தை டாக்டர் ஹாஃப்னரிடமே ஒப்படைத்துவிட்டோம்.'

"அதுக்கப்புறம்தான் மிச்சத்தையும் அனுப்ப ஆரம்பிச்சேன்," என்றாள் வால்புர்கா. "முதுகு அவர்கிட்ட இருக்கு. முழுக் கோட்டும் அவர்கிட்டயே இருக்கட்டும். ராத்திரி போட்டுக்கிட்டுத் தூங்கட்டும்."

அஃப்ராவுக்கு இப்போது புரிந்தது. ஹாஃப்னரிடம் ஐந்து துண்டும் இருந்திருக்கிறது. நாலைத்தான் காட்டினார். எழுத்து இருந்த துண்டை அவர் எப்போதோ எரித்திருப்பார். அவர் தேடியது துணியை அல்ல. அந்த எழுத்தைப் படித்தவளை. அவள் யாரென்று கண்டுபிடித்து, பெயரைத் தட்டில் வைத்து, ஸ்பெல்லிங்கோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு தபால் நிலையத் தலைவர் உள்ளே வந்தார். தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார்.

"வால்புர்கா, மூனிக்லேருந்து போன் வந்துச்சும்மா. 1945-ல அரசாங்கச் சொத்தைத் திருடினதா உன் மேல புகாராம். விசாரணை முடியறவரைக்கும்... நாளையிலேருந்து கவுண்டர்ல உக்கார வேண்டாம். என்னைத் தப்பா நினைக்காதே." யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

"என் வாயைத் தைச்சிருக்கணும்," என்றான் கோர்பி மெதுவாக. "பேரை நான்தான் கத்தினேன்."

"கூட்டிட்டுப் போனது நான்," என்றாள் அஃப்ரா. "நான் அந்த ஆளுக்காக வேலை செஞ்சேன். இந்தப் பாவம் என்னோடது. அத்தாட்சியும் போச்சு. இனிமே நீங்க என்ன சொன்னாலும், வேலை போன குமாஸ்தா வயித்தெரிச்சல்ல பேசறாள்னு சொல்லிடுவாங்க."

வால்புர்கா சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க தபால் ஆபீஸ்ல வேலை பார்த்ததில்லையே? காப்பியிங் பென்சிலைப் பத்தி எங்களைக் கேளுங்க. காய்ஞ்சிருந்தா சாம்பல் நிறம். ஈரம் பட்டா ஊதா மை. அதுக்கப்புறம் ஏழு தடவை தோய்ச்சாலும் போகாது."

அஃப்ரா நிமிர்ந்தாள்.

"ரெண்டு வாரம் கம்பளிக் கோட்டுக்குள்ள இருந்தேன். அந்தப் படம் எடுத்த அன்னிக்கு வெயில்ல ரெண்டு மணி நேரம் நிக்கவச்சாங்க. முதுகெல்லாம் வேர்வை. வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழட்டினா, உள்ள போட்டிருந்த வெள்ளை ரவிக்கை பூராவும் ஊதா. அவர் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும். கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலமா மாறி விழுந்திருக்கு, அவ்வளவுதான்."

"அது எங்கே?" அஃப்ராவும் கோர்பியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"பத்திரமா இருக்கு."

"என்கிட்ட குடுங்க. நான்..."

"மாட்டேன்," என்றாள் வால்புர்கா. "தபால்ல ஒரு தடவை நம்பிக் குடுத்தேன். போதும். வெள்ளிக்கிழமை நானே போட்டுக்கிட்டு வர்றேன். எனக்கு உள்ளே போக ஒரு வழி பண்ணுங்க."

*

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சங்க மண்டபம் நிறைந்திருந்தது. கட்சிக்காரர் என்ற முறையில் ஹாஃப்னர் அனுப்பியிருந்த இரண்டு அழைப்பிதழ்களில் ஒன்றைக் காட்டி அஃப்ரா உள்ளே வந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றைக் காட்டி, முதல் வரிசையில், சாம்பல் நிறச் சால்வை போர்த்திய வால்புர்கா. கோர்பி மட்டும் சமையலறை வழியாக, தட்டு ஏந்துபவனின் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். "மூணு விரல்ல தட்டுப் பிடிச்சா விழுந்துடும்னு நினைச்சேன். கர்வத்துல எல்லாரும் மூக்கை மேல தூக்கி வச்சிருக்காங்க. யாரும் பார்க்கல," என்று காதில் சொல்லிவிட்டுப் போனான்.

ஹாஃப்னர் மேடை ஏறினார். கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"நண்பர்களே, 1944 குளிர்காலத்தில் ஒரு நாள். என் ஜன்னல் வழியே ஒரு வல்லூறைப் பார்த்தேன். இரையின்மேல் பாயும்போது அது சிறகை மடித்தது. கிளையில் இறங்கும்போது விரித்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது, விமானமும் ஒரு பறவைதானே..."

முதல் வரிசையில் வால்புர்கா எழுந்தாள். சால்வையை நாற்காலியில் போட்டாள். மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

வெள்ளை ரவிக்கையின் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, ஊதா எழுத்து. அவள் எழுந்தபோது அதைப் பார்த்த கூட்டத்துக்கு அது ஏதோ கறை. மேடையில் நின்றவருக்கு அப்படி இல்லை. தன் கையெழுத்தை ஒருவன் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கண்டுகொள்வான். ஹாஃப்னரின் வாய் திறந்தபடியே நின்றது.

அவள் அப்படியே நின்றாள். பின்வரிசைகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் மேடை ஓரத்தில் ஏறி, ஹாஃப்னரும் அந்த முதுகும் ஒரே சட்டத்தில் விழும்படி 'பளிச்'சென்று எடுத்தார். கோர்பி தட்டோடு அவர் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"அண்ணே, நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுங்க. படிக்க முடியும்."

சனிக்கிழமை நாளிதழில், முதல் பக்கத்தில், எல்லோராலும் படிக்க முடிந்தது. வால்புர்கா வாசலில் நின்று சொன்னதையும் கீழே போட்டிருந்தார்கள். மிலோஷ் ஹவெல்கா, ப்ர்னோ. எழுத்துப்பிழை இல்லாமல்.

திருட்டுப் புகார் திங்கட்கிழமையே வாபஸ் ஆனது. திருட்டு என்றால் திருடிய பொருளில் என்ன இருந்தது என்று நீதிமன்றம் கேட்கும் அல்லவா? வால்புர்கா செவ்வாய்க்கிழமை கவுண்டருக்குத் திரும்பினாள். அதே வாரம் ஒரு மூலையில் இன்னொரு செய்தி வந்தது. உடல்நலம் காரணமாக விழா தள்ளிவைக்கப்பட்டதாம். பதக்கத்தைச் சங்கத் தலைவர் டாக்டரின் வீட்டுக்கே போய், காபியும் கேக்கும் சாப்பிட்டு, நேரில் அணிவித்தாராம்.

அஃப்ரா அந்தப் பக்கத்தைக் கசக்கிக் கூடையில் எறிந்தாள். போய் இரண்டு முறை கை கழுவினாள்.

"இவ்வளவுக்கும் அப்புறம் பதக்கமா மேடம்?"

"பேசாதே கோர்பி. வாந்தி வருது."

பத்து நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு உறை வந்தது. வியன்னா முத்திரை. ரயில்வேயில் வேலை செய்யும் ஒருவர், திக்கித் திணறிய ஜெர்மனில் எழுதியிருந்தார். மிலோஷின் அண்ணன். தம்பி காய்ச்சலில் இறந்தான் என்றுதான் பத்து வருடமாக வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்களாம். படத்தைப் பார்த்தாராம். நன்றி என்று இரண்டு முறை எழுதி, ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். அந்த வரிகளை எழுதிய ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறானா? இருந்தால், எங்கே?

அஃப்ரா ஒரு அஞ்சலட்டையை எடுத்தாள். ஹாஃப்னர் வீட்டுத் தெருப்பெயரை எழுதினாள். வீட்டு எண்ணை எழுதினாள். இரண்டாவது மாடி, இடது கதவு என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, ஒரு வரி சேர்த்தாள்.

'காலையில் போங்கள். மணி அடித்தால் அவரே வந்து திறப்பார்.'